செவி நரம்புக் கட்டியும் சமநிலைச் சோதனைகளும்

செவி நரம்புக் கட்டி என்பது உட்செவியிலிருந்து மூளைக்குச் செல்லும் எட்டாம் கபால நரம்பில் மெதுவாக வளரும், புற்றுநோய் அல்லாத கட்டி ஆகும். இது பெரும்பாலும் நரம்பின் சமநிலைக் கிளையில் தோன்றுகிறது. ஆனால் நோயாளி முதலில் உணர்வது ஒரு காதில் கேட்கும் திறன் குறைவதையும் இரைச்சலையும்தான். கட்டி மெல்ல வளர்வதால், இழந்த சமநிலையை மறுகாது, கண்கள், கால்களின் உணர்வு ஆகியவற்றைக் கொண்டு மூளை ஈடுசெய்துவிடுகிறது. செஞ்சிக் கோட்டைப் படிகளைப் பகலில் இயல்பாக ஏறி இறங்கும் ஒருவருக்கும் ஒரு பக்கச் சமநிலை நரம்பு பழுதாகியிருக்கலாம். இருட்டிலோ மேடுபள்ளத்திலோதான் தடுமாற்றம் தெரியும். இந்த மறைந்த இழப்பைச் சமநிலைச் சோதனைகள் வெளிக்காட்டுகின்றன.

நீர்ச் சோதனை

வியன்னாவின் காது மருத்துவர் ராபர்ட் பாரனி, காதை நீரால் கழுவும்போது நோயாளிகளுக்குத் தலைச்சுற்று வருவதையும் விழிகள் துடிப்பதையும் கவனித்தார். குளிர்ந்த நீரில் துடிப்பு ஒரு திசையிலும், சூடான நீரில் எதிர்த் திசையிலும் அமைந்தது. வெப்ப மாற்றத்தால் அரைவட்டக் குழலிலுள்ள நீர்மம் நகர்வதே காரணம் என்று அவர் விளக்கினார். பழுதான பக்கத்தில் துடிப்பு குறையும், அல்லது தோன்றாது. உட்செவிச் சமநிலை ஆய்வுகளுக்காக 1914ஆம் ஆண்டின் நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. பரிசு அறிவிக்கப்பட்டபோது அவர் ரஷ்யாவில் போர்க்கைதியாக இருந்தார். 1942இல் பிட்ஜெரால்டு, ஹால்பைக் ஆகியோர் 30, 44 பாகை செல்சியசு நீரைக் கொண்டு இச்சோதனையை முறைப்படுத்தினர்.

தமிழகத்தில் நரம்பு அறுவை

இந்தியாவின் முதல் நரம்பு அறுவை மருத்துவத் துறையை 1949இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் ஜேக்கப் சாண்டி தொடங்கினார். 1950இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தி இப்பணியைத் தொடங்கினார். சி.டி. ஸ்கேன் முதன்முதலில் ஒரு நோயாளிக்கு எடுக்கப்பட்டதே 1971இல்தான். அதுவரை இத்தகைய கட்டியை ஐயுறக் கேட்டல் சோதனை, நீர்ச் சோதனை, எலும்பின் எக்ஸ்ரே படம் போன்றவையே மருத்துவருக்குத் துணையாக இருந்தன.

இன்றைய பயன்

இன்று கட்டியை உறுதிசெய்வது எம்.ஆர்.ஐ. படமே. ஆயினும் நரம்பு எந்த அளவுக்கு வேலை செய்கிறது என்பதை அறியச் சமநிலைச் சோதனைகள் தேவைப்படுகின்றன. நீர்ச் சோதனை சமநிலை நரம்பின் மேல்கிளையை மட்டுமே ஆராய்கிறது. எனவே கீழ்க்கிளையில் கட்டி இருந்தால் முடிவு இயல்பாகவே வரக்கூடும். தலையைச் சட்டெனத் திருப்பி விழியின் பிடிப்பைப் பார்க்கும் சோதனையை 1988இல் ஆல்மாகி, கர்த்தாய்ஸ் ஆகியோர் விவரித்தனர். ஒலிக்குக் கழுத்துத் தசை காட்டும் எதிர்வினையை அளக்கும் முறை 1990களில் வந்தது. இது கீழ்க்கிளையின் நிலையைக் காட்டுகிறது.

அறுவைக்கு முன்பே நரம்பு செயலிழந்திருந்தால், மூளை அதற்குப் பழகியிருக்கும். நன்கு இயங்கும் நரம்பு அறுவையில் திடீரென இழக்கப்பட்டால் கடும் தலைச்சுற்று ஏற்படும். இதை முன்கூட்டியே அறிந்தால் நோயாளியைத் தயார்ப்படுத்தி, நடைப் பயிற்சியைத் திட்டமிடலாம்.

முதுமையில் வரும் செவித்திறன் குறைவு பொதுவாக இரு காதுகளிலும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும். ஒரு காதில் மட்டும் குறைந்தால், தலைச்சுற்று இல்லாவிட்டாலும் காது மருத்துவரிடம் காட்டுவது அவசியம்.