ஊருக்கு வெளியே ஒரு கடை

மதுவால் வரும் கேட்டை மது வியாபாரிகளே தாமாக முன்வந்து குறைப்பார்கள் என்றொரு பேச்சு உலகம் முழுக்க உண்டு. 2011 மார்ச்சில் இங்கிலாந்து அரசு நிறுவனங்களோடு இப்படி ஓர் உடன்பாடு போட்டது. பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் உட்பட ஆறு அமைப்புகள் அதில் கையெழுத்திட மறுத்தன. அடுத்த ஆண்டு 13 பன்னாட்டு மது நிறுவனங்கள் ஐந்து உறுதிமொழிகள் தந்தன. சிறுவர் குடிப்பதைத் தடுப்பது, குடித்துவிட்டு வண்டி ஓட்டுவதைத் தடுப்பது என்று நீளும் அந்தப் பட்டியலில் விலையை ஏற்றுவதும் இல்லை, கடையைக் குறைப்பதும் இல்லை.

தோழர்களே, நம் மாநிலத்தில் வியாபாரியே அரசுதான். அதனால் இந்தக் கதையைக் காட்பாடியிலிருந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி அரசு சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. 1939இல் நம் வட ஆர்க்காடு மாவட்டமும் அதில் சேர்ந்தது. சாராய வருமானம் போனதை ஈடுகட்ட அதே ஆண்டு விற்பனை வரி வந்தது. ராஜாஜியோடு நமக்கு ஆயிரம் சண்டை உண்டு. ஆனாலும் இழப்பு எவ்வளவு என்று கணக்குப் பார்த்து, அதற்கு மாற்றும் தேடிய சட்டம் அது. 1948இல் மாகாணம் முழுக்க மதுவிலக்கு. 1971இல் அது நிறுத்திவைக்கப்பட்டு, பிறகு திரும்பி, 1981இல் மீண்டும் தளர்ந்தது. மது திரும்பி வந்தது, விற்பனை வரியும் போகவில்லை. இரண்டையும் கட்டுவது நாம்தான்.

1983இல் டாஸ்மாக் உருவானது. 2003இல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. அதன் பிறகு விற்பவரே தரும் "சலுகைகள்" தொடங்கின. 2016இல் 500 கடை மூடல், திறக்கும் நேரம் பத்து மணியிலிருந்து பன்னிரண்டுக்கு மாற்றம். 2017இல் இன்னொரு 500, 2023 ஜூனில் மற்றொரு 500. வருமானமோ 2016-17இல் சுமார் 27,000 கோடி ரூபாய், 2023-24இல் 45,000 கோடிக்கு மேல். கடை குறைந்தது, காசு குறையவில்லை.

பாட்டில் வாசகத்தையும் கவனியுங்கள். முன்பு வீட்டுக்கும் நாட்டுக்கும் உயிருக்கும் கேடு என்றிருந்தது. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018 விதிகளுக்குப் பிறகு உடல்நலமும் வாகனமும் மட்டும் மிஞ்சின. வீடு காணாமல் போனது. ஆம்பூரிலும் பேரணாம்பட்டிலும் தோல் பதனிடும் தொழிலாளிக்குக் கார் இல்லை. கூலி வாங்கிய நாளில் அவன் திரும்பிப் போவதற்கு இருப்பது அந்த வீடு ஒன்றுதான். பொறுப்பாகக் குடி என்பவர்கள், குடித்துக் கெட்டால் அது உன் தப்பு என்கிறார்கள். சேரியைப் பார்த்து ஊர் எப்போதும் சொல்லிவந்ததும் இதுதானே!

கடைகளை நிஜமாகவே அசைத்தது உச்ச நீதிமன்றம். நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் கடை கூடாது என்று 2016 டிசம்பரில் தமிழ்நாட்டு வழக்கில் தீர்ப்பு வந்தது. மாநிலம் முழுக்க மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் மூடப்பட்டன. மூடிய கடைகளுக்கு அரசு மாற்று இடம் தேடியபோது "ஊருக்கு வெளியே" பார்த்தது. ஊருக்கு வெளியே இருப்பது யார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2017 கோடையில் மாநிலம் முழுக்கப் பெண்கள் அந்தக் கடைகளை மறித்தார்கள், திருப்பூர் சாமளாபுரத்தில் போலீஸ் அதிகாரியிடம் அறையும் வாங்கினார்கள்.

2003ஆம் ஆண்டு விதிப்படி, கோயிலிலிருந்தும் பள்ளியிலிருந்தும் நகரத்தில் 50 மீட்டர், மற்ற இடங்களில் 100 மீட்டர் தள்ளித்தான் கடை வைக்க வேண்டும். குடியிருப்புக்கு அதில் ஒரு மீட்டர்கூட எழுதப்படவில்லை. அடுத்த கிராம சபைக்குப் போகிறவர்கள் ஒரு அளவு நாடாவை எடுத்துப் போங்கள். கடைக்கும் காலனியின் முதல் வீட்டுக்கும் இடையே உள்ள தூரத்தை அளந்து, தீர்மானத்தில் எழுதச் சொல்லுங்கள்.