முன் அனுமதியின் பூர்வ சரித்திரம்

1936-ஆம் ஆண்டில் பி. ஏ. சி. இராமசாமி ராஜா நிறுவிய நூற்பாலையினால் இராஜபாளையம் ஆலைத் தொழிலாளரின் நகரமாயிற்று. அதனையடுத்த சத்திரப்பட்டியிலோ காயம் கட்டும் பேண்டேஜ் துணி நெய்வது ஊர்த் தொழிலாகவே நிலைபெற்றது. எங்கெங்கோ உள்ள ஆஸ்பத்திரிகளுக்குத் துணி நெய்தனுப்பும் அந்நெசவாளி, தாம் நோயுற்றபோது எவருடைய அனுமதியினால் மருந்து பெற்றார் என்பது எழுதப்பட வேண்டிய சரித்திரம்.

1948-ஆம் ஆண்டுச் சட்டத்தினால் பிறந்து, 1952-இல் கான்பூரிலும் டெல்லியிலும் தொடங்கி, 1955-இல் கோயம்புத்தூர் வழியே நம் ராஜ்யத்துள் புகுந்த ஈ.எஸ்.ஐ. திட்டம், ஆலைத் தொழிலாளியின் கூலியில் ஒரு பங்கைப் பிடித்துக்கொண்டு அவருக்கும், பின்னர் அவர் குடும்பத்துக்கும் வைத்தியம் செய்யும் கடமையை ஏற்றது. டிஸ்பென்சரியில் இருப்பிலுள்ள மருந்துக்கு டாக்டரின் சீட்டே போதும். இல்லாததற்கு மேலதிகாரியின் உத்தரவு வேண்டும். சில ஆட்களோடு ஓடிய தறிக்கூடங்களை அச்சட்டம் தீண்டாமையால், அங்குள்ளோருக்கு அரசாங்க ஆஸ்பத்திரியே கதியாயிற்று.

அவ்வாஸ்பத்திரிகளின் மருந்து வாழ்வை மாற்றியது, 1994-இல் ஏற்பட்டு மறு ஆண்டு கொள்முதலைத் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலொன்றை வகுத்து, வியாபாரப் பெயரை விலக்கி மருந்தின் சொந்தப் பெயராலேயே டெண்டர் கோரி, தயாரித்தவர் யாரென்று தெரியாதபடி மறைத்த மாதிரிகளைப் பரிசோதனைச்சாலைக்கு அனுப்பித் தேறியவற்றை மாவட்டக் கிடங்குகளில் நிரப்பி, ஒவ்வோர் ஆஸ்பத்திரியும் தனக்குரிய பாஸ்புத்தகத்தில் கண்ட தொகையளவுக்கு எடுத்துக்கொள்ளலாமென்று அது விதித்தது. எம்மருந்து தகும், என்ன விலை தகும் என்னும் விசாரணை முழுவதும் நோயாளி வாசற்படி ஏறுமுன்பே முடிந்துவிட்டமையால், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரி ஜன்னலில் கைநீட்டிய கிழவியிடம் எவரும் அனுமதிக் கடிதம் கேட்க வேண்டியதில்லை. இதனை நம் ராஜ்யத்தின் மகத்தான நிர்வாக சாதனைகளுள் ஒன்றென்றே நான் மதிக்கிறேன்.

2009-இல் கலைஞர் பெயராலும், 2012-இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாகவும் வந்த ஏற்பாடு வேறு வகையது. ஆண்டு வருமானம் விதித்த வரம்புக்கு (தொடக்கத்தில் அது 72,000 ரூபாய்) உட்பட்ட குடும்பம், கிராம நிர்வாக அலுவலரிடம் சான்று பெற்று, விருதுநகர் ஆட்சியர் அலுவலகத்தில் படமெடுத்து அட்டை வாங்கிய பின்னும், சிகிச்சை தொடங்குமுன் ஆஸ்பத்திரி தன் குறிப்புகளை அனுப்பிக் காப்பீட்டுத் தரப்பின் சம்மதத்தைப் பெறவேண்டும். பணமின்மையால் கைவிடப்பட்டிருந்த இருதய அறுவை முதலியன இதனால் ஏழைகளுக்குக் கிட்டின என்பதை மறுப்பது அநியாயம். ஆயினும், “அப்ரூவல் வந்துடுச்சா?” என்று வராந்தாவில் விசாரித்து நிற்கும் உறவினரின் துயரம், விசாரணையைப் பட்டியலிலேயே முடித்துவிடும் முறையில் எழாத துயரம். அவசர நோய்க்குத் தொலைபேசியிலேயே அனுமதி வழங்கலாமென்று விதி செய்தவர்களும் அதனை உணர்ந்தே செய்திருத்தல் வேண்டும்.