மரத்தூள் புகட்டிய பாடம்

அபாயச் சரக்குகளை வானூர்தியில் அனுப்புதற்கான விதிகளை அனைத்துலக விமானப் போக்குவரத்துச் சங்கம் 1956-லேயே வெளியிட்டது. ஆயினும் விதி ஏட்டில் இருப்பது வேறு. பெட்டி கட்டுவோர் அதனை அறிந்திருப்பது வேறு.

1973 நவம்பர் 3-ஆம் நாள், நியூயார்க்கிலிருந்து ஸ்காட்லாந்துக்குப் புறப்பட்ட பான் அமெரிக்கன் சரக்கு விமானத்தில் புகை சூழ்ந்தது. பாஸ்டனில் இறங்க முயன்றபோது அது வீழ்ந்தது. விமானிகள் மூவரும் மாண்டனர். நைட்ரிக் அமிலப் புட்டிகளைச் சுற்றி மரத்தூள் அடைத்திருந்தனர். கசிந்த அமிலம் மரத்தூளோடு சேர்ந்ததே கேட்டிற்கு வித்தென விசாரணை வாரியம் கருதிற்று. சிக்கலான விதிகளும், வேலை செய்வோர் அவற்றை அறியாமையும் துணைக் காரணங்கள் என்றது. 1975-இல் அமெரிக்கா தனிச்சட்டம் கண்டது.

இன்று இணைய வணிகத்தில் அபாயம் லித்தியம் மின்கலமாய் வருகிறது. 2010 செப்டம்பர் 3-இல் துபாயில், அத்தகைய மின்கலங்களை ஏற்றிய சரக்கு விமானம் தீப்பற்றி வீழ்ந்து, விமானிகள் இருவர் மாண்டனர். 2016 ஏப்ரல் 1 முதல், லித்தியம் அயனி மின்கலங்களைத் தனிச்சரக்காகப் பயணி விமானங்களில் ஏற்றுதல் தடுக்கப்பட்டது. சரக்கு விமானத்திலும் மின்னேற்றம் 30 விழுக்காட்டை விஞ்சலாகாது.

வீட்டிலிருந்தே பிறநாட்டிற்குப் பொருள் விற்போர் பலராகிவிட்ட இக்காலத்தில், பெட்டி கட்டுவோரும் அவர்களே. உள்ளிருப்பதை மறையாது வெளியே எழுதுவதே முதற் கடமையாகும்.