காத்திருக்காத காய்

கோடைக்கால இரவுகளில் எடோ நகரத்துத் தெருக்களில் பெண்கள் கூவி விற்றுக்கொண்டு போவார்கள். இன்றைய டோக்கியோவின் பழைய பெயர்தான் எடோ. அவர்கள் விற்றது அவித்த பச்சை சோயாக் காய், அதுவும் கிளையோடு அவித்தது. பெரும்பாலும் வறுமைப்பட்ட வீட்டுப் பெண்கள் செய்த தொழில் இது. வாங்கியவர் அங்கேயே நின்று காயைப் பல்லால் அழுத்துவார். உள்ளிருக்கும் பயறு வாய்க்குள் வந்து விழும், தோல் கையில் தங்கும். தட்டும் வேண்டாம், குச்சியும் வேண்டாம். கிதகாவா மொரிசாதா என்பவர் 1837இல் தொடங்கி ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் எழுதிச் சேர்த்த நகர வாழ்க்கைக் குறிப்புகளில் இந்த வியாபாரமும் இடம்பெற்றிருக்கிறது. கியோட்டோ, ஒசாகா பக்கம் கிளையை நீக்கிவிட்டு வெறும் காயாக விற்றார்கள் என்ற வித்தியாசத்தையும் அவர் விடவில்லை.

எடோக்காரர்கள் கிளையை விட்டுவைத்தது அழகுக்காக மட்டும் இருந்திருக்க முடியாது. எடமாமே என்று ஜப்பானியர்கள் அழைக்கும் இந்தக் காய் தனிப்பயிர் அல்ல. தோஃபுவும், மிசோ என்ற புளித்த சோயா விழுதும், சோயா சாஸும் ஆகிற அதே சோயாதான். காய் பருத்து, பயறு நிரம்பி, பச்சை மாறுவதற்கு முன் பறித்துவிட்டால் அது எடமாமே. அந்தப் பருவம் சில நாட்களே நீடிக்கும். பறித்த பிறகு நிலைமை இன்னும் அவசரம். காய் உயிரோடு இருப்பதால் தன்னிடமுள்ள சர்க்கரையைத் தானே செலவழிக்கும். சுவை தரும் அமினோ அமிலங்களும் குறையும். வெயில் காலத்தில் ஒரே நாளில் நாக்கு அந்த இழப்பைக் கண்டுபிடித்துவிடும். கிளையோடு இருக்கும் காய் சற்றுக் கூடுதலாகத் தாங்கும். தண்ணீரைக் கொதிக்க வைத்துவிட்டுப் பறிக்கப் போ என்று ஜப்பானிய விவசாயக் குடும்பங்களில் சொல்வது மிகையே இல்லை.

வழக்கம் மிகப் பழையது. 1275இல் மினோபு மலையில் வாழ்ந்த பௌத்தத் துறவி நிச்சிரென், பக்தர் ஒருவர் கொடுத்த கிளைச் சோயாவுக்கு நன்றி சொல்லி எழுதிய கடிதம் இதைப் பற்றிய முற்கால எழுத்துச் சான்றுகளில் ஒன்று. சந்திர நாட்காட்டியின் ஒன்பதாம் மாதத்துப் பதின்மூன்றாம் நாள் நிலவுக்கு எடமாமே படைப்பதும் உண்டு. நெல் வயலின் வரப்பில் சோயா விதைப்பது ஜப்பான் முழுக்க இருந்த பழக்கம். வரி கட்ட நெல், வீட்டுக்கு வரப்புப் பயறு. அதில் கொஞ்சம் பச்சையாக அடுப்புக்குப் போகும், மீதி முற்றி மிசோ ஜாடிக்குப் போகும்.

வரப்பு அவரவர் வீட்டுடையது என்பதால் விதையும் வீட்டுக்கு வீடு வேறாக இருந்தது. யமகதா மாவட்டத்து ட்சுருவோகா ஊரில் இதற்கு ஒரு கதை சொல்கிறார்கள். பயறுப் பிரியரான ஷோனாய்ச் சிற்றரசர், தட்டு வந்ததும் ‘இன்று எந்த அப்பாவின் பயறு?’ என்று கேட்பாராம். அந்த வட்டாரப் பேச்சில் அப்பாவைக் குறிக்கும் தாதாச்சா என்ற சொல்லே அவ்வூர்ப் பயறின் பெயராக நிலைத்துவிட்டது. கதை அப்பாக்களைப் பேசுகிறது. விதையைக் காத்த கதையிலோ ஒரு பெண் நிற்கிறார். அவ்வூரின் ஷிராயமா பகுதியைச் சேர்ந்த மொரியா ஹட்சு, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தன் வயலில் தனித்துத் தெரிந்த, சுவை மிகுந்த செடியின் விதையைப் பிரித்து, ஆண்டுதோறும் தேர்ந்தெடுத்து வளர்த்தார். இன்றைய தாதாச்சா பயறின் பெயர்பெற்ற வகைகள் அவர் கையிலிருந்து வந்தவை. சிற்றரசரை நினைவில் வைத்திருப்பவர்கள் ஹட்சுவையும் நினைவில் வைக்க வேண்டும்.

தாதாச்சா காயைப் பார்த்தால் முதலில் வாங்கத் தோன்றாது. பழுப்பு ரோமம் படர்ந்து, பயறுகளுக்கு நடுவே இடுப்பு ஒடுங்கி, பெரும்பாலும் இரண்டே பயறு கொண்டிருக்கும். அவிக்கும்போதுதான் அதன் பெருமை தெரியும்; சமையலறை முழுக்க மணக்கும். அந்த மணத்துக்குக் காரணமான வேதிப்பொருள்தான் பாஸ்மதி அரிசியிலும், இலங்கைத் தமிழர்கள் கறிக்குப் போடும் ரம்பை இலையிலும் இருக்கிறது.

அவிக்கும் முறை எளிது, ஆனால் ஒவ்வொரு படிக்கும் காரணம் உண்டு. காயின் இரு நுனிகளையும் கத்தரிக்கோலால் லேசாக நறுக்கினால் உப்பு உள்ளே இறங்கும். 1 லிட்டர் தண்ணீருக்கு 40 கிராம் உப்பு என்பது ஜப்பானியச் சமையல் நூல்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. அந்த உப்பில் ஒரு பங்கை எடுத்துக் காய்களை அழுத்தித் தேய்க்க வேண்டும், ரோமம் உதிரும். கழுவாமல் அப்படியே கொதிநீரில் போட்டு 3 முதல் 5 நிமிடம். சூடேறும்போது பயறிலுள்ள மாவுச்சத்தின் ஒரு பகுதி சர்க்கரையாக மாறுவதால் இனிப்பு கூடும். ஒரு காயைக் கடித்துப் பார்த்து, இன்னும் சற்று விறைப்பு இருக்கும்போதே வடித்து, மூங்கில் தட்டில் பரப்பி விசிற வேண்டும். குளிர்ந்த நீரில் அலசினால் காய் நீர் கோத்துச் சப்பென்றாகும். பச்சையாகத் தின்னக் கூடாது; புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் வேகாத சோயாவில் இருக்கிறது.

1970 முதல் ஜப்பான் அரசு நெல் பரப்பைக் குறைக்கச் சொன்னபோது, வரப்பிலிருந்த சோயா பல இடங்களில் வயலுக்குள்ளேயே இறங்கியது. அதே பத்தாண்டில் தைவானின் தென்பகுதி ஜப்பானுக்காக எடமாமே பயிரிட்டு உறையவைத்து அனுப்பத் தொடங்கியது. காவோசியுங், பிங்துங் வட்டாரங்களில் அதைப் பச்சைத் தங்கம் என்றே சொல்கிறார்கள். அங்கே அறுவடை எந்திரம் இரவிலும் ஓடுகிறது. பறித்த காய் சில மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போய், வெந்நீர் கண்டு, உறைநிலைக்குப் போய்விடுகிறது.

இந்தியாவில் ராஞ்சியிலுள்ள மத்திய அரசின் வேளாண் ஆராய்ச்சி மையம் ஸ்வர்ண வசுந்தரா என்ற காய்கறிச் சோயா ரகத்தை வெளியிட்டிருக்கிறது. அதைப் பயிரிடாத ஊர்களில் கடைப் பொட்டலம்தான் வழி. பொட்டலத்துக் காய் ஆலையிலேயே ஓரளவு வெந்தது என்பதால் உறைந்தபடியே கொதிநீரில் போட்டு, சூடேறியதும் எடுத்துவிடலாம். உப்பிட்டது என்று அட்டையில் அச்சிட்டிருந்தால் தண்ணீரில் உப்புச் சேர்க்க வேண்டியதில்லை.