தலையீற்றுக் கணக்கு: சப்ரகமுவத் தோட்ட மாடுகளின் வரலாறு

சப்ரகமுவத் தோட்டங்களின் வரலாற்றைக் காப்பி, தேயிலை, ரப்பர் என்று பயிர்களை வைத்தே எழுதிவருகிறோம். அந்தப் பயிர்களுக்கு எருவும், விளைந்ததை ஏற்றிச் செல்ல இழுவையும், லயத்துப் பிள்ளைகளுக்குப் பாலும் கொடுத்த மாட்டுக்கு அதில் இடம் குறைவு. நூறு ஆண்டுக்கு மேலாக அந்த மாட்டிடம் மனிதர் எதிர்பார்த்தவை சாணம், இழுவை, பால் ஆகிய மூன்றுதான். கிடேரி எந்த வயதில் பருவத்துக்கு வந்து தலையீற்று ஈனுகிறது என்பதை வைத்து எவரும் பொலிகாளையைத் தேர்ந்தெடுக்கவில்லை. தோட்டத்துக் கிடேரி பிந்திச் சினைப்படுவதற்குத் தீவனக் குறைவைப் போலவே இந்தத் தேர்வு இல்லாமையும் ஒரு காரணம்.

காப்பிக் காலத்தில் இறக்குவானைப் பக்கத்துத் தோட்டங்களுக்கு மாடு என்றால் முதலில் எரு. 1866இல் வெளிவந்த வில்லியம் சபோனடியேரின் காப்பிக் கையேடு போன்ற துரைமார் நூல்கள் எருவிடுவதைப் பெரிய விடயமாகவே பேசின. கொட்டகையில் கட்டிக் கினிப்புல் போட்டு வளர்த்த மாடு அதிகம் சாணம் போட்டால் போதும். கன்று ஈனுவது இரண்டாம் பட்சம். 1869இல் இலைத்துரு நோய் வந்து காப்பி அழிந்து, தேயிலையும் பின்னர் ரப்பரும் பரவியபோது சுமை கூடியது. களனிவெளி ரயில் 1903இல் எட்டியாந்தோட்டைக்கும் 1912இல் இரத்தினபுரிக்கும் வரும்வரை பொதிமாடும் மாட்டுவண்டியுமே பாரம் சுமந்தன. வண்டிக்கு வலுவான காளைக்கன்று வேண்டும்; அதைக் காயடித்தால்தான் நுகத்துக்கு அடங்கும். ஆகவே பட்டியில் நன்றாக வளர்ந்த ஆண்கன்று தன் வழித்தோன்றலை விடாமலே வண்டிக்குப் போயிருக்கும். கிடேரிகளுக்குக் கிடைத்தவை மிஞ்சிய காளைகள். இன்ன காளையின் மகள்கள் எப்போது ஈன்றன என்று பார்க்க ஏடும் இல்லை, அதற்கான தேவையும் தெரியவில்லை.

பிறகு பால் முதன்மை பெற்றது. மலைநாட்டில் ஐரோப்பிய மாடு வளர்க்கும் முயற்சி பழையது. சாமுவேல் பேக்கர் 1840களின் இறுதியில் நுவரெலியாவுக்கு இங்கிலாந்து மாடு கொண்டுவந்தார். இருபதாம் நூற்றாண்டில் ஜெர்சி, பிரீசியன் கலப்பும் செயற்கை முறைச் சினைப்படுத்தலும் லயத்து மாடு வரை இறங்கின. கலப்பினால் பால் கூடியது உண்மை. ஆனால் கிடேரி பருவமடைவது வயதை மட்டும் பொறுத்ததல்ல. முழு வளர்ச்சி எடையில் ஏறத்தாழ அறுபது சதவீதத்தை எட்டும்போதே பெரும்பாலும் முதற் சினைப்பருவம் வருகிறது. இருநூறு கிலோவில் நிற்கும் நாட்டு மாட்டுக்கு 120 கிலோ போதும். நானூற்றைம்பது கிலோவை நோக்கி வளரும் கலப்புக் கிடேரிக்கு 270 கிலோ வேண்டும். ஐரோப்பிய இனம் நல்ல தீவனத்தில் ஒரு வயதளவில் பருவமடையக்கூடியதே. அந்த மரபை மானாப்புல்லும் வரப்புப்புல்லும் மட்டுமே கிடைக்கும் கொட்டகையில் கட்டினால், எட்ட வேண்டிய எடை உயர்கிறது, எட்டும் வழி உயர்வதில்லை.

அப்படியானால் பிரச்சினை தீவனம்தானே, மரபைப் பழிப்பது ஏன் என்று கேட்கலாம். தீவனத்தின் பங்கை மறுக்க முடியாது. ஆனால் ஒரே மேய்ச்சலில் நிற்கும் கிடேரிகளும் ஒரே வயதில் பருவமடைவதில்லை. வட ஆஸ்திரேலியாவின் வெப்பச் சூழலில் இறைச்சிக்காக வளர்க்கும் பிராமன் கிடேரிகளில் முதற் கருமுட்டை வெளிப்பட்ட வயதை ஆராய்ந்து 2009இல் வெளியிட்ட முடிவின்படி சராசரி சுமார் 750 நாள். கிடேரிக்குக் கிடேரி காணப்பட்ட வேறுபாட்டில் மரபின் பங்கு பாதிக்கும் சற்று மேல். சினைபிடிக்கும் விகிதம் போன்ற குணங்களில் மரபின் பங்கு பத்தில் ஒன்றுக்கும் குறைவு என்பதால் கருவளத்தைத் தேர்வால் மாற்ற முடியாது என்போர் உண்டு. அது அந்தக் குணங்களுக்குப் பொருந்தும், பருவ வயதுக்குப் பொருந்தாது. இளங்காளையின் விதைப்பைச் சுற்றளவை ஒரு நாடாவால் அளந்தே அதன் பெண் உறவுகள் முந்திப் பருவமடையுமா என்று ஓரளவு மதிப்பிடலாம் என்பதும் இறைச்சி மாட்டுப் பண்ணைகள் பல பத்தாண்டுகளாக அறிந்த நடைமுறை.

லயத்தில் மாடு வளர்ப்பவர் பாலுக்காக வளர்க்கிறார், இறைச்சி இனத்து ஆராய்ச்சி அவருக்கு எதற்கு என்பது மற்றொரு மறுப்பு. கன்று ஈனாமல் பால் இல்லை. தலையீற்று ஓராண்டு தள்ளினால் அந்த ஓராண்டுத் தீவனச் செலவு லயத்துக் குடும்பத்தின் தலையில் விழுகிறது. பாலுக்கென்று வளர்க்கும் பட்டியிலும் ஆண்கன்று கடைசியில் பெரும்பாலும் இறைச்சிக்கே போகிறது. இரு வழிக்கும் தொடக்கம் தாயின் பருவம்தான். ஆகவே சினையூசி போடும்போது காளையின் தாய் கறந்த பாலோடு அதன் மகள்கள் முதலில் ஈன்ற வயதையும் கேட்க வேண்டும். அதற்குக் கேகாலையிலும் இரத்தினபுரியிலும் ஒவ்வொரு கொட்டகையிலும் கிடேரி பிறந்த தேதியும் அது தலையீற்று ஈன்ற தேதியும் எழுதப்பட வேண்டும். செலவில்லாத இந்த ஏட்டைத் தொடங்காமல் இனத்தை மட்டும் மாற்றிக்கொண்டிருப்பது பழைய பிழையைத் தொடர்வதே.