யோகப் பயிற்சியில் வலிமையும் நெகிழ்வும்: நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் அறிய வேண்டியவை

யோகாசனம் என்றதும் உடலை வளைப்பதே பலருடைய நினைவிற்கு வருகிறது. ஆனால் ஓர் ஆசனத்தை வலியின்றி அடைவதற்கு நெகிழ்வுத்தன்மையும், அதில் தடுமாறாமல் நிலைத்திருப்பதற்குத் தசை வலிமையும் தேவை. இவற்றுள் ஒன்று குறைந்தாலும் மூட்டுகள் பாதிக்கப்படலாம். திருச்சிராப்பள்ளி கே.கே. நகர், திருவரங்கம் பகுதிகளில் வீட்டிலோ பூங்காவிலோ பயிற்சி செய்யும் மூத்தோருக்கும், நோயிலிருந்து மீண்டு வருவோருக்கும் இப்பக்கம் வழிகாட்டுகிறது.

வேறுபாடு என்ன?

சுமையைத் தாங்கவும் நகர்த்தவும் தசைக்கு உள்ள திறனே வலிமை. மூட்டு தனக்குரிய முழு அளவில் அசையும் திறனே நெகிழ்வுத்தன்மை. தரையில் சம்மணமிட்டு அமர இடுப்பும் முழங்காலும் நெகிழ வேண்டும். அங்கிருந்து கையை ஊன்றாமல் எழத் தொடைத் தசைகள் வலுவாக இருக்க வேண்டும். மலைக்கோட்டைப் படிகளில் ஏறுவதற்கு மட்டுமன்றி, தடுமாறாமல் இறங்குவதற்கும் அதே தசைகளே துணை நிற்கின்றன.

30 வயதிற்குப் பிறகு ஒவ்வொரு பத்தாண்டிலும் சுமார் 3 முதல் 8 சதவீதம் வரை தசை குறையக்கூடும். சில நாட்கள் படுக்கையில் இருந்தாலே மூத்தோரின் கால் வலிமை மேலும் குறைகிறது. ஆகவே, குனிந்து கால்விரலைத் தொட முடியவில்லை என்பதைவிட, இருக்கையிலிருந்து எழ முடியவில்லை என்பதே முதலில் கவனிக்க வேண்டிய அறிகுறியாகும்.

நெகிழ்வு எவ்வாறு கூடுகிறது?

தசையைத் திடீரென இழுத்தால் அது தன்னைக் காத்துக்கொள்ள இறுகுகிறது. மெதுவாக நீட்டி, இயல்பாக மூச்சு விட்டபடி நிலைத்திருந்தால் இறுக்கம் தணிகிறது. ஒரு நிலையில் 10 முதல் 30 விநாடிகள் வரை இருப்பது பெரும்பாலோருக்குப் போதுமானது. மூத்தோர் 30 முதல் 60 விநாடிகள் வரை இருக்கலாம். இலேசான இழுவை உணர்வு இயல்பானது. கூர்மையான வலி இயல்பானதன்று.

முழங்கையும் முழங்காலும் இயல்பிலேயே பின்னோக்கி வளையும் உடலமைப்புடையோர் மேலும் வளைய முயல வேண்டாம். எலும்புகளைப் பிணைக்கும் நார்கள் அளவுக்கு மீறி நீண்டால் மூட்டு தளர்ந்துவிடும். இவர்களுக்கு வலிமைப் பயிற்சியே முதன்மையானது.

வீட்டிலேயே ஒரு சோதனை

அசையாத நாற்காலியைச் சுவரோரம் இடுங்கள். கைகளை மார்பின் குறுக்கே வைத்துக்கொண்டு, 30 விநாடிகளில் எத்தனை முறை முழுமையாக எழுந்து நிற்க முடிகிறது என எண்ணுங்கள். 65 முதல் 69 வயது வரையுள்ள பெண்கள் 11 முறைக்குக் குறைவாகவும், ஆண்கள் 12 முறைக்குக் குறைவாகவும் எழுந்தால், தவறி விழும் அபாயம் கூடுதலாக இருக்கலாம். சோதனையின்போது ஒருவர் அருகில் நிற்க வேண்டும்.

பயிற்சியை அமைக்கும் முறை

உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல், வயது வந்தோர் வாரத்தில் குறைந்தது 2 நாட்கள் தசை வலுவூட்டும் பயிற்சி செய்யப் பரிந்துரைக்கிறது. 65 வயதைக் கடந்தோர் சமநிலையும் வலிமையும் சேர்ந்த பயிற்சியை 3 நாட்களேனும் செய்ய வேண்டும்.

• வலிமைக்கு: நாற்காலியின் துணையுடன் உத்கட்டாசனம், சேதுபந்தாசனம்
• சமநிலைக்கு: சுவரைத் தொட்டபடி விருட்சாசனம்
• நெகிழ்வுக்கு: உடல் சூடேறிய பின், இறுதியில், மெதுவான நீட்டல்கள்

நாற்காலி, கட்டை, பட்டை ஆகியவற்றைப் பயன்படுத்துவது குறைபாடன்று. யோக ஆசிரியர் பி.கே.எஸ். அய்யங்கார் இத்துணைப்பொருள்களைப் பரவலாக்கினார். திருச்சியின் கோடை வெயிலைக் கருதி அதிகாலையில் பயிற்சி செய்வது நலம்.

யார் எதைத் தவிர்க்க வேண்டும்?

• எலும்புத் தேய்மான நோய் உள்ளோர்: முதுகை வளைத்து முன்குனியும் ஆசனங்கள், முதுகெலும்பு முறிய வாய்ப்புண்டு
• கண் நீர் அழுத்த நோய் உள்ளோர்: தலை கீழாக இருக்கும் ஆசனங்கள்
• கட்டுப்படாத இரத்த அழுத்தம் உள்ளோர்: தலைகீழ் ஆசனங்கள், மூச்சை அடக்குதல்
• முழங்கால் மாற்று அறுவை செய்துகொண்டோர்: மருத்துவர் அனுமதியின்றி வஜ்ராசனம்
• இன்சுலின் செலுத்துவோர்: வெறும் வயிற்றில் கடும் பயிற்சி

கர்ப்பிணிகள் மருத்துவரின் ஆலோசனைக்குப் பின்னரே பயிற்சியைத் தொடங்க வேண்டும்.

பராமரிப்பாளர் கவனத்திற்கு

நோயாளியின் முதுகையோ காலையோ அழுத்தி வளைக்க வேண்டாம். அவர் தடுமாறினால் தாங்கும் தொலைவில் நில்லுங்கள். "இன்னும் கொஞ்சம் வளையுங்கள்" எனத் தூண்டுவதைவிட, "வலிக்கிறதா?" எனக் கேட்பது பயன் தரும். வழுக்கும் தரை, தளர்ந்த விரிப்பு ஆகியவற்றை அகற்றுங்கள்.

எப்போது நிறுத்த வேண்டும்?

தலைசுற்றல், காலில் பரவும் மரத்துப்போதல், மறுநாளும் நீடிக்கும் மூட்டு வலி ஆகியவை தோன்றினால் பயிற்சியை நிறுத்தி மருத்துவரை அணுகுங்கள். நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், திடீரெனக் கால் செயலிழத்தல், சிறுநீரை அடக்க இயலாமை ஆகியவை அவசர நிலைகள். உடனே 108 எண்ணை அழையுங்கள்.

எங்கே உதவி பெறலாம்?

புத்தூரில் உள்ள மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையிலோ திருவரங்கம் அரசு மருத்துவமனையிலோ ஆலோசனை பெறலாம். உட்கொள்ளும் மருந்துகளின் பட்டியலை உடன் எடுத்துச் செல்லுங்கள். வீட்டை விட்டு வர இயலாதோருக்கு, 2021ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்கீழ் இல்லத்திலேயே இயன்முறை மருத்துவச் சேவை வழங்கப்படுகிறது. பொது மருத்துவ ஆலோசனைக்கு 104 எண்ணை அழைக்கலாம்.