மூச்சுக்கு ஒரு முடிச்சு!

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே கூட்டேரிப்பட்டு. மயிலம் முருகனைப் பார்க்கப் போகிறவர்கள் பஸ்ஸை விட்டு இறங்கும் இடம். அதே ஜி.எஸ்.டி. சாலையில் சென்னையை நோக்கிப் போனால் தாம்பரம் சானடோரியம். 1928-ல் டாக்டர் சௌரி முத்து ஆரம்பித்த காசநோய் ஆஸ்பத்திரி. கூட்டேரிப்பட்டு இளைஞன் ஒருவன் அன்று இருமிக்கொண்டே அங்கு போயிருந்தால் என்ன வைத்தியம் கிடைத்திருக்கும்? பிரதானமாக சுத்தமான காற்று, நல்ல சாப்பாடு, ஓய்வு!

'கெட்டுப்போன நுரையீரலை வெட்டி எடுத்துவிட வேண்டியதுதானே?' என்பீர்கள். அங்கேதான் சிக்கல். நிமிஷத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தம் நுரையீரல் வழியே போய்வருகிறது. பெரிய குழாயில் கத்தி பட்டால்... சில நிமிஷங்களில் கதை முடிந்தது! ரத்தத்தை நிறுத்தினாலும் காற்று கசியும். ஸ்பாஞ்ச் மாதிரி மெத்தென்ற சதை. தைத்தால், ஊசி போட்ட ஓட்டையே காற்றுக்கு வாசல்!

1933, ஏப்ரல் 5. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரம். புற்றுநோயாளி ஜேம்ஸ் கில்மோர் (அவரும் ஒரு டாக்டர்தான்!) மேஜையில். ஒரு பகுதியை மட்டும் எடுக்கத்தான் டாக்டர் எவார்ட்ஸ் கிரஹாம் நெஞ்சைத் திறந்தார். அது போதாது என்று தெரிந்தது. ரத்தக் குழாய்களும் மூச்சுக் குழாயும் நுழைகிற இடத்தை ஒட்டுமொத்தமாக இறுக்கிக் கட்டினார். இடது நுரையீரல் முழுசாக வெளியே வந்தது. கில்மோர் பிழைத்தார். விநோதத்தைக் கேளுங்கள்: 1957-ல் கிரஹாமே நுரையீரல் புற்றுநோயில் இறந்தார். கில்மோர் 1963 வரை இருந்தார்!

நம்ம பக்கம் கதவு திறந்தது 1949-ல். வேலூர் சி.எம்.சி.யில் அமெரிக்க டாக்டர் ரீவ் பெட்ஸ், நெஞ்சு அறுவை சிகிச்சைக்கென்றே தனித் துறை தொடங்கினார். இந்தியாவிலேயே அதுதான் முதல். பிறகு காசநோய்க்கு நல்ல மருந்துகள் வந்து, கத்திக்கு வேலை குறைந்தது. புற்றுநோய்க்கோ இன்றும் கத்தி தேவைப்படுகிறது.

முடிச்சு போடும் வேலையும் மாறியது. காகிதத்துக்குப் பின் அடிப்பது போல, சதைக்கு உலோகப் பின் அடிக்கும் ஸ்டேப்ளரை சோவியத் யூனியனில் உருவாக்கியிருந்தார்கள். 1958-ல் அங்கே போன அமெரிக்க டாக்டர் மார்க் ராவிட்ச், ஒன்றை விலைக்கு வாங்கி ஊருக்கு எடுத்துப் போனார்! இன்றைய ஸ்டேப்ளர்கள் பின் அடித்துக்கொண்டே நடுவில் வெட்டியும் விடுகின்றன. கசிகிற இடத்தில் தடவ, ரத்தப் புரதத்தில் செய்த பசை வேறு!

இவ்வளவு இருந்தும், ஆபரேஷன் முடிந்தவரின் கட்டிலருகே ஒரு பாட்டில் இருக்கும். நெஞ்சிலிருந்து வரும் குழாய் அதிலுள்ள தண்ணீரில் முங்கியிருக்கும். இருமும்போது குமிழி தொடர்ந்து வந்தால், எங்கோ காற்று கசிகிறது. குமிழி நின்ற பிறகுதான் டாக்டருக்கே மூச்சு வரும்!